ஐஸ்காரரின் ஆமீன்

கிண்ணியாவில் ஸெய்னுதீன் என்ற பெயரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஐஸ்கார ஸெய்னுதீன் என்றால் மட்டும் ஒரே ஆள்தான். துறைமுகக் கரையில் மீன் சேர்த்துவைக்கும் வாடிக் கொட்டில்களுக்கும், சல்லிக் கிராமத்துப் படகுகளுக்கும், கண்டிக்குப் போகும் மீன் லொறிகளுக்கும் ஐஸ் போடுவது அவர் தொழில். தண்ணீர் உறைந்தால் ஐஸ், அதில் என்ன பெரிய வித்தை என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். ஐஸ் போடுவதற்கும் ஒரு முறை உண்டு என்பார். மீனை முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நாற்றத் தண்ணீரில் ஊறிய மீனை எந்த ஐஸும் காப்பாற்றாது. பிறகு நொறுக்கிய ஐஸ், அதன்மேல் உப்பு, அதன்மேல் மீன், மறுபடியும் ஐஸ். தூரப் பயணம் என்றால் உப்பைக் கூட்டிப் போட வேண்டும், அப்போதுதான் குளிர் கடிக்கும். இந்த நாலு வரிப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் அவர் வீடு கட்டினார், மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார். அப்படிப்பட்ட பாடத்தை ஒரு மனிதன் சந்தேகிப்பானா?

அவருடைய மனைவி பல்கீஸ். வாய்க்காரி என்று ஊரில் பெயர். மீன்காரன் நிறுவையில் கை வைத்தால் அந்தக் கையைப் பற்றி அவன் பரம்பரைக்கே கதை சொல்லி அனுப்புவாள். ஆனால் அதே வாய் தொழுகைப் பாயில் வேறு வாயாகிவிடும். தொழுது முடித்ததும் கையேந்தி, அரபியில் ஓதவேண்டியதை ஓதிவிட்டு, பிறகு தமிழில் தொடங்குவாள். பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதுபோல் அல்லாஹ்வோடு பேசுவாள். இன்னார் மகளுக்குச் சோதனை நாளைக்கு, இன்னார் படகு இன்னும் திரும்பவில்லை, ஸெய்னுதீனுக்கு இடுப்பு வலி என்று எல்லாம் வரும். பல்கீஸ் கேட்டால் கிடைக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. பஸ்மியா ராத்தாவின் மகனுக்குப் பேச்சு வந்ததும், நபீஸாவுக்கு எட்டு வருசம் கழித்துப் பிள்ளை தங்கியதும் பல்கீஸின் துஆவால்தான் என்று பெண்கள் அடித்துச் சொல்வார்கள். "நான் கேட்டன், அவன் தந்தான். எனக்கென்ன கொமிசனா?" என்று அவள் சிரிப்பாள்.

பொழுது பட்டதும் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டு ஸெய்னுதீன் வீடு திரும்பும்போது அவள் இன்னும் பாயில்தான் இருப்பாள். அவர் வாசலை ஒட்டிய கதிரையில் உட்கார்ந்து, அவள் நிறுத்தும் இடமெல்லாம் "ஆமீன்" சொல்லுவார். என்ன கேட்கிறாள் என்று கவனிப்பதுகூடக் குறைவு. பல வருசத்துப் பழக்கம் அது.

நோய் வந்தபோது பல்கீஸ் அதை நோய் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. சிறுநீர் சிவப்பாகப் போனது. உடம்புச் சூடு என்று செவ்விளநீர் குடித்தாள். இடுப்பின் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தது. தண்ணீர்க் குடம் தூக்கியது என்றாள். குடம் தூக்கி எத்தனையோ காலம், வீட்டில் குழாய்த் தண்ணீர் என்பதை அவளுக்கு யார் ஞாபகப்படுத்துவது? மகள் ஜெஸ்மின்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். ஜெஸ்மின் அப்போது முதல் பிள்ளையைச் சுமக்கத் தொடங்கியிருந்தாள். புருசன் கட்டாரில் வேலை, அதனால் அவள் தாய் வீட்டோடு இருந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வலது சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள். சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியை வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வெட்டினார்கள். சத்திரசிகிச்சை முடிந்து, பல்கீஸ் மயக்கத்தில் கிடக்கும்போதே, தாதி ஒருத்தி மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொண்டுவந்து ஸெய்னுதீனின் கையில் கொடுத்தாள். வெட்டி எடுத்தது உள்ளே மருந்துத் தண்ணீரில் கிடந்தது. கண்டியிலுள்ள பரிசோதனைக்கூடத்துக்கு வீட்டுக்காரர்தான் கொண்டுபோக வேண்டும், அங்கே வெட்டிப் பார்த்து எந்த வகைக் கட்டி என்று சொல்வார்கள். இங்கெல்லாம் அப்படித்தான் நடக்கும், யாரும் அதிசயப்படுவதில்லை.

"இண்டைக்கே கொண்டுபோங்க நானா. பழுதாகாமப் பத்திரம்" என்றாள் அந்தப் பிள்ளை. அடுத்த நோயாளியைப் பார்க்க ஓடிவிட்டாள்.

பழுதாகாமல் என்ற சொல்லைப் போயும் போயும் யாரிடம் சொன்னாள் பாருங்கள். தாதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தண்ணீரை ஊற்றாதே என்று யாருக்குத்தான் சொல்லத் தோன்றும்? அதை ஊற்றுகிற ஒரு ஆள் உலகத்தில் இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

பஸ்ஸில் வாளியோடு ஏறமுடியாது. வாடியில் பாக்கியரத்தினம் என்பவரின் மீன் லொறி கண்டிக்குப் புறப்பட நின்றது. ஸெய்னுதீன் வாளியைத் திறந்து பார்த்தார். மருந்து நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே கிடந்தது அவருடைய பல்கீஸின் சதை. வெயில் மண்டையைப் பிளந்தது. கண்டி போய்ச்சேர மாலையாகிவிடும். அவர் யோசிக்கவேயில்லை, கைதான் யோசித்தது. நாறும் தண்ணீரை மணலில் ஊற்றினார். நல்ல தண்ணீரில், பிஸ்மி சொல்லி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அலசினார். புதுப் பொலித்தீனில் சுற்றினார். குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நொறுக்கிப் போட்டு, உப்பை அள்ளித் தூவி, நடுவில் வைத்து, மேலே ஐஸ் மூடினார். தூரப் பயணம் என்பதால் உப்பைக் கூட்டிப் போட்டார். அவர் ஆயுளில் அவ்வளவு பக்குவமாக எந்த மீனையும் கட்டியதில்லை.

பரிசோதனைக்கூடத்தில் வாங்கியவர் பெட்டியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஐஸைக் கொட்டிவிட்டு, சதையை வேறு மருந்துத் தண்ணீருக்குள் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மீன் வாடைக்குத்தான் முகம் சுளிக்கிறார் என்று ஸெய்னுதீன் நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். வேலையை ஒழுங்காக முடித்த நிம்மதியில் லொறியிலேயே நன்றாகத் தூங்கினார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று புற்றுநோய் டொக்டரின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டொக்டர் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். புற்றுநோய் என்பது உறுதி என்றார். எந்த வகை என்று சொல்ல முடியவில்லையாம். சிறுநீரகப் புற்றுநோயில் பல வகை இருக்கிறது, வகையைப் பொறுத்துத்தான் மருந்து. அதைச் சதையை ஆக்கியிருக்கும் நுண்ணிய கலங்களின் உருவத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

"இந்தத் துண்டு மருந்துத் தண்ணி இல்லாம வந்திருக்கு. ஐஸ் மாதிரி உறைஞ்சு, பிறகு கரைஞ்சும் இருக்கு. அதனால கலம் எல்லாம் கிழிஞ்சு போச்சு. யாரு இதைக் கொண்டு போனது?"

ஸெய்னுதீனுக்கு மணலில் ஊற்றிய தண்ணீர் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் பல்கீஸ் முந்திக்கொண்டாள்.

"இவர்தான் டொக்டர் கொண்டுபோனது. அண்டைக்கே, லொறி புடிச்சுப் போய்க் குடுத்திட்டு வந்தவரு. பச்சத் தண்ணி கூடக் குடிக்கல்ல. அங்க வாங்கிவெச்ச ஆக்கள்தான் எங்கயோ ஐஸ் பெட்டிக்குள்ள போட்டு மறந்திருப்பாங்க. மத்தவன்ட சதைதானே, அவங்களுக்கென்ன!"

டொக்டர் தோளைக் குலுக்கினார். எங்கே நடந்ததோ, நடந்துவிட்டது என்று அடுத்ததைச் சொல்லப் போய்விட்டார். ஸெய்னுதீன் திறந்த வாயை மூடிக்கொண்டார். சொல்லியிருக்கலாம். அந்தக் கணம் தப்பினால் பிறகு சொல்வது மலையாகிவிடும் என்று அவருக்கு அப்போதே தெரியும். என்றாலும் தன் பக்கம் நின்று பேசிய மனைவியை டொக்டர் முன்னால் பொய்க்காரியாக்க அவருக்கு முடியவில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு பல்கீஸ் கையேந்தினாள். ஜெஸ்மினின் வயிற்றுப் பிள்ளைக்காகக் கேட்டாள். "அந்தப் புள்ளட முகத்தக் காட்டிப்போட்டு என்ன எடு, யா அல்லாஹ். அதுக்கு மேல ஒண்டும் கேக்கல்ல" என்றாள். ஆமீன் என்றார் ஸெய்னுதீன். பிறகு அவள் குரல் மாறியது.

"எண்ட சதையப் பழுதாக்கினவன நீ கேளு, ரப்பே. எண்ட மருந்த எனக்குக் கிடைக்காம ஆக்கினவன நீ கணக்குக் கேளு. நான் இஞ்ச படுற பாட்ட அவனும் படட்டும்."

நிறுத்தினாள். அவள் நிறுத்தினால் ஆமீன் வரவேண்டும். வராவிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

"ஆமீன்" என்றார் ஸெய்னுதீன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அது நடந்தது. பல்கீஸ் கேட்டால் கிடைக்கும் என்று நம்பிய ஊரில், எல்லாரையும்விட அதை அதிகம் நம்பியவர் அவளுடைய புருசன்தான். அப்படிப்பட்டவர் தன் தலைக்குத் தானே ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார். வாடியில் ஐஸை நொறுக்கும்போது கட்டை வழுக்கி விரலில் விழுந்தால், இதோ தொடங்கிவிட்டது என்று நினைப்பார். விரல் வலித்தால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும்.

வகை தெரியாததால், அதிகம் பேருக்கு வரும் வகை எதுவோ அதற்குரிய குளிசையை விழுங்கக் கொடுத்தார்கள். அது பல்கீஸின் உள்ளங்கைத் தோலை உரித்தது, வாயைப் புண்ணாக்கியது. மிளகாய் இல்லாத கறியைப் பார்த்து, "இது கறியா, இல்லாட்டி செத்துப்போன கறியிட மையத்தா?" என்று கேட்டாள். நோயை மட்டும் அந்தக் குளிசை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஸ்கேனில் அது நுரையீரலுக்கும் போயிருந்தது. பட்ட காலிலே படும் என்பது சரிதான்.

கொழும்பில் கிளினிக்குக்குப் போயிருந்த ஒரு நாள், சுதர்ஷினி என்றொரு இளம் டொக்டர் அவர்களைத் தேடி வந்தாள். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. திருகோணமலைப் பிள்ளைதான், உப்புவெளியில் வீடு. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் பல்கீஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வகை தெரியாத, அரிதான சிறுநீரகக் கட்டிகளின் துண்டுகளைத் தான் சேர்த்து ஆராய்வதாகச் சொன்னாள் சுதர்ஷினி. கண்டியில் மிச்சமிருக்கும் துண்டைத் தரச் சம்மதமா என்று கேட்டாள்.

"அதுதான் பழுதாப் போச்செண்டாங்களே புள்ள" என்றாள் பல்கீஸ்.

"கலத்தின்ட உருவம்தான் பழுதாப்போனது அம்மா. கலத்துக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. எண்டு சின்னச் சின்ன இழைகள் இருக்கு. எந்த வேலை நடக்க வேணும், எது அடங்க வேணும் எண்டு பார்த்துக்கொள்ளுறது அதுகள்தான். கிட்னியிலயே ஒவ்வொரு பகுதியிலயும் ஒவ்வொரு இழை கூடக் குறைய இருக்கும். புற்றுநோயிலயும் அப்பிடித்தான், வகைக்கு வகை அந்தக் கூடுதல் குறைச்சல் மாறும். பெரிய சாமான்கள் உடைஞ்சாலும் அதுகள் சின்னன் எண்டபடியால் தப்பிக் கிடக்கும். அதுகளை அளந்து பார்த்தால் வகையைச் சொல்லலாமோ எண்டுதான் நாங்கள் பார்க்கிறம். இது ஆராய்ச்சி. கட்டாயம் தெரியும் எண்டு வாக்குத் தர ஏலாது."

ஸெய்னுதீன் அதுவரை தலை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். "தலையும் வாலும் வெட்டின மீன, என்ன மீனெண்டு செதிலப் பாத்துச் செல்ற மாதிரியா மகள்?"

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்று அவள் சிரித்தாள்.

பல்கீஸ் சம்மதித்தாள். வேலை முடிந்ததும் மிச்சத்தைக் குப்பையில் போடாமல் மண்ணில் அடக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஸெய்னுதீன் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தார். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சின்ன இழைகள் வாயைத் திறந்து வகையைச் சொல்லவேண்டும். சரியான மருந்து கிடைக்கவேண்டும். ஜெஸ்மினின் பிள்ளை பிறக்கும்வரை இவள் இருக்கவேண்டும். அதன் பிறகு எல்லாவற்றையும் இவளிடம் சொல்லிவிடலாம். பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது யாரும் கோபப்படமாட்டார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

ஆய்வு சுணங்கியது. ஜெஸ்மினின் வயிறு வளர வளர பல்கீஸ் தேய்ந்துகொண்டு வந்தாள். கழுத்து எலும்பு துருத்தியது. இப்போது பாயில் உட்கார முடியாமல் கதிரையில் இருந்தே தொழுதாள். துஆவின் குரலும் மெலிந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் எங்கிருந்தோ பலம் வந்துவிடும். "எண்ட சதையப் பழுதாக்கினவன நீ கேளு." ஆமீன்.

சுதர்ஷினி அழைத்தபோது ஸெய்னுதீன் வாடியில் நின்றார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"வகை பிடிபட்டிட்டுது" என்றாள். "கிட்னிக்குள்ள சிறுநீர் வந்து சேர்ற சின்னக் குழாய்கள் இருக்கு. அதில தொடங்கின புற்றுநோய். சரியான அரிது. நூறு பேருக்குக் கிட்னிப் புற்றுநோய் வந்தால் அதில ஒராளுக்கு வாறதே பெரிய விசயம். எங்கட அளவை வைச்சுக்கொண்டு கண்டியில பார்த்த டொக்டரும் திரும்பச் சோதிச்சவர். அவரும் ஓம் எண்டிட்டார். உங்கட டொக்டருக்கும் அறிவிச்சிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஸெய்னுதீன். இப்படியொரு செய்திக்கு யாராவது அல்ஹம்துலில்லாஹ் சொல்வார்களா என்று கேட்காதீர்கள். பெயர் தெரியாத எதிரியோடு அத்தனை மாதம் மல்லுக்கட்டியவருக்குப் பெயர் தெரிந்ததே பெரிய காரியமாக இருந்தது.

"இன்னொண்டும் சொல்ல வேணும்" என்றாள் சுதர்ஷினி. குரலில் சந்தோசம் தெரிந்தது. "நாங்கள் சேர்த்த துண்டுகளில உங்கட அவவின்ட துண்டிலதான் அந்த இழைகள் இவ்வளவு சுத்தமா இருந்தது. வழியில உறைஞ்சபடியால்தான். ஆர் ஐஸ் போட்டதோ, எங்களுக்குப் பெரிய உதவி."

பக்கத்தில் யாரோ அறுக்குளா மீனுக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் மகள் போட்டனான். தண்ணிய ஊத்திப்போட்டு, மீனுக்குப் போடுற மாதிரி."

அவள் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"ஊத்தாம இருந்தா? அப்பவே வகை தெரிஞ்சிருந்தா?"

"வேற மருந்து ஏத்தியிருப்பினம்" என்றாள் அவள் மெதுவாக. "சிலருக்கு அது கேட்கும். கேட்டாலும் சில மாதம்தான் கூடக் கிடைக்கும். உங்கட அவவுக்குக் கேட்டிருக்குமோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. ஒருத்தருக்கும் ஏலாது."

சில மாதம்தான் என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஜெஸ்மினுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் சில மாதம்தான் இருந்தது. ஸெய்னுதீன் ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். குளிர் சாரத்தைத் தாண்டி ஏறும்வரை எழும்பவில்லை.

கிளினிக்கில் டொக்டர் கதையை நீட்டவில்லை. இந்த வகைக்குரிய மருந்தை ஊசி வழியாக ஏற்றவேண்டும், அது முதலில் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். இருப்பது ஒரு சிறுநீரகம், அதுவும் சோர்ந்துவிட்டது, உடம்பிலும் தாங்கும் சக்தி இல்லை. இப்போது ஏற்றினால் நோய்க்கு முன்னால் மருந்தே ஆளை முடித்துவிடும் என்றார். வலிக்கு மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, பல்கீஸ் அவரைக் கட்டிலருகே கூப்பிட்டாள். ஜெஸ்மின் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்க, கிட்ட வாங்க. என்னப் பொருந்திக்கிங்க. நான் வாயாடினது, ஒங்கட உம்மாவோட மல்லுக்கட்டினது, செல்லாமக் கொள்ளாம எண்ட வாப்பா வீட்ட போனது, எல்லாத்தையும்."

பிரியப்போகிறவர்கள் இப்படிப் பொருத்தம் கேட்பது வழக்கம். ஒருவரை ஒருவர் மன்னித்துவிட்டால்தான் போகிறவருக்கும் இருப்பவருக்கும் பாரம் இறங்கும். ஸெய்னுதீன் அவள் தலையைத் தடவினார். "பொருந்திட்டன். ஒன்னில எனக்கு என்ன குறை இரிக்கி?"

"நானும் ஒங்களப் பொருந்திட்டன். தெரிஞ்சது தெரியாதது எல்லாத்தையும்" என்றாள் அவள்.

கெட்டிக்காரன் ஒருவன் என்றால் அந்த இடத்தில் கரையேறியிருப்பான். எல்லாத்தையும் என்று அவளே சொல்லிவிட்டாளே, பிறகென்ன? ஆனால் ஸெய்னுதீனுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. என்னவென்று தெரியாமல் தந்த மன்னிப்பை எடுத்துக்கொள்வது அவளுடைய மடியில் கை விட்டுத் திருடுவதுபோல் இருந்தது அவருக்கு.

"தெரிஞ்சிக்கிட்டுப் பொருந்து பல்கீஸ்" என்றார். சொல்லத் தொடங்கினார். வாளியைத் திறந்தது, மணலில் ஊற்றியது, அலசியது, ஐஸ், உப்பு, லொறி. ஒன்றையும் மறைக்கவில்லை.

பல்கீஸ் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாக்கியரத்தினத்திட மீன் லொறியிலயா?"

"ஓம்."

"மீனோட மீனாவா என்னக் கொண்டுபோனீங்க?"

அவர் தலை குனிந்தார். அவள் சிரிப்பாளோ என்று ஒரு கணம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. எத்தனை பெரிய விசயத்தையும் ஒரு சிரிப்பில் தள்ளிவிடுகிறவள்தானே. அவள் சிரிக்கவில்லை.

"ஐஸ் போட்டத விடுங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். ஆனா அந்த டொக்டருக்கு முன்னால ஒங்களுக்காக நான் வாதாடினன். ஒவ்வொரு மஃரிபுக்கும் நான் கேக்கக் கேக்க, அந்தக் கதிரையில இருந்துகிட்டு ஆமீன் எண்டு செல்லிக்கிட்டே இருந்தீங்களே. ஒரு நாளாவது, வேணாம் பல்கீஸ், அப்பிடிக் கேக்காத எண்டு செல்லல்லியே. ஒங்களுக்கே சாபம் கேக்க வெச்சீங்களே என்னக்கொண்டு!"

"எனக்கு அது வேண்டியதுதான் எண்டுதான் ஆமீன் செல்லி வந்தன்" என்றார் ஸெய்னுதீன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜெஸ்மின் கஞ்சிக் கோப்பையோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸெய்னுதீன் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு பல்கீஸ் அவர் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மகள் கொடுத்தால் குடித்தாள். பக்கத்து வீட்டு ஹுஸ்னியா பார்க்க வந்தால் இரண்டு வார்த்தை பேசினாள். தொழுகையில் உதடு மட்டும் அசைந்தது, துஆ வெளியே கேட்கவில்லை. ஸெய்னுதீன் பள்ளியிலிருந்து வந்து வழக்கம்போல் வாசல் கதிரையில் உட்காருவார். ஆமீன் சொல்ல ஒன்றும் வராது. சாபம் கேட்ட நாட்களே நன்றாக இருந்தன என்று நினைத்தார். அப்போது ஒரு குரலாவது இருந்தது. வாடிக்குப் போவதை நிறுத்திவிட்டு முற்றத்தில் சும்மா நின்றார். என்ன கேட்டாலும் ம் என்றார். எனக்கு அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. தண்ணீரை ஊற்றியதற்கல்ல. தான் சுமக்கவேண்டியதை அத்தனை மாதம் சொல்லாமல் சுமந்து, கடைசியில் சாகக் கிடப்பவளின் கையில் அதைக் கொடுத்தாரே என்பதற்குத்தான். அதைக் கொடுக்காமல் அனுப்பியிருந்தாலும் நான் அவரைத் திட்டித்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பல்கீஸுக்கு இருந்த கடைசி வெள்ளிக்கிழமை அதுதான். மஃரிபுக்குப் பிறகு ஜெஸ்மின் அவளைத் தூக்கித் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள். ஸெய்னுதீன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவள் குரல் கேட்டது. மெல்லியது, ஆனால் வெளியே கேட்கும் குரல். அவர் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

ஊராருக்கெல்லாம் கேட்டாள். கட்டாரில் இருக்கும் மருமகனுக்குக் கேட்டாள். ஜெஸ்மினுக்குச் சுகப்பிரசவம் கேட்டாள். "அந்தப் புள்ளட முகத்த நான் பாக்க மாட்டன் எண்டு தெரிஞ்சிட்டு. அது எண்ட முகத்தில பொறக்கட்டும், யா அல்லாஹ்" என்றாள். ஜெஸ்மின் விம்மிக்கொண்டே ஆமீன் சொன்னாள். ஸெய்னுதீனும் சொன்னார்.

பிறகு அந்த இடம் வந்தது. அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. ஸெய்னுதீன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தச் சாபத்தையே கேட்டாலும் ஆமீன் சொல்வதென்று முடிவு செய்துகொண்டுதான் இருந்தார்.

"நான் முந்திக் கேட்டது ஒண்டு இரிக்கி, ரப்பே. ஆரெண்டு தெரியாமக் கேட்டன். அதத் திருப்பித் தா. அவரக் கேக்காத. எண்ட சதை கெட்டுப்போகக்கூடாதெண்டு அலசி அலசி வெச்ச மனிசன். அவரக் கேட்டுப்போடாத."

நிறுத்தினாள்.

அத்தனை மாதம் தன்னை நோக்கி வந்த சாபத்துக்கெல்லாம் தடுமாறாமல் சொன்ன அந்த ஒரு சொல் ஸெய்னுதீனுக்கு இப்போது வரவில்லை. ஜெஸ்மின் ஆமீன் என்றாள்.

பல்கீஸ் தலையைத் திருப்பிக் கதிரையைப் பார்த்தாள்.

"நீங்க செல்லுங்க. ஒங்கட வாயால எனக்குக் கேக்கணும்."

அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. ஏந்திய மெலிந்த இரண்டு கைகளையும் இறக்காமல் பல்கீஸ் காத்துக்கொண்டிருந்தாள்.